மனுவோடு ஒரு படம்

செவ்வாய்க்கிழமை நாளிதழின் மாவட்டப் பக்கத்தை விரித்தால் ஒரு படம் கட்டாயம் இருக்கும். பத்துப் பதினைந்து பேர் இரண்டு வரிசையாக நிற்பார்கள். முன்வரிசையில் பெண்கள், ஒருத்தியின் இடுப்பில் குழந்தை. நடுவில் நிற்பவர் ஒரு வெள்ளைத்தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருப்பார். பையில் நான்காக மடித்து வைத்திருந்த மடிப்பு அதில் அப்படியே தெரியும். அவர்கள் தலைக்கு மேல் ‘மாவட்ட ஆட்சியர் அலு’ என்பதோடு வெட்டுப்பட்டு நிற்கும் பெயர்ப்பலகை. கீழே ஒரு வரி: குடிநீர் கேட்டோ, வீட்டுமனைப் பட்டா கேட்டோ, சுடுகாட்டுக்குப் பாதை கேட்டோ இன்ன ஊர் மக்கள் மனு கொடுக்க வந்தனர். திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம் நாளிதழுக்குத் தரும் படம் இது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் வாரம் தவறாமல் இது எடுக்கப்படுகிறது. ஆனால் அரசுக் கட்டடங்களைப் படமெடுப்பது பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவர்களுக்குக் கட்டடப் படம் என்றால் கோட்டை, உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கும்மட்டம், ரிப்பன் மாளிகையின் மணிக்கூண்டு. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஓர் அரசுக் கட்டடம் ஜனங்கள் மனதில் எதற்கு அடையாளமாக நிற்கிறது என்பதை முடிவு செய்வது இந்தச் செவ்வாய்க்கிழமைப் படம்தான். கள்ளக்குறிச்சியையும் அதன் மேற்கே எழும் கல்வராயன் மலையையும் வைத்துப் பார்த்தால், ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

முதலில் எதிர்ப்பக்கத்து வாதத்தை அதற்குரிய பலத்தோடு வைத்துவிடலாம். கட்டடத்தின் அர்த்தம் அதன் கல்லிலும் உயரத்திலும் இருக்கிறது. கட்டியவர் என்ன சொல்ல நினைத்தாரோ அதைத்தான் அது சொல்லும். படமெடுப்பவர் வேலை அதை நேர்த்தியாக வாங்கிக்கொள்வது மட்டுமே என்பது அந்த வாதம். இதற்குப் பின்னால் நீண்ட பழக்கம் இருக்கிறது. 1856இல் சென்னை மாகாண அரசு லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் 1858இல் மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி, கோயில்களையும் அன்று சிதிலமாகக் கிடந்த திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். ஒளி பதிய நெடுநேரம் பிடித்த காலம் அது. நடமாடுகிற ஆள் படத்தில் விழமாட்டார். ஆளற்ற முற்றம், ஆளற்ற தூண் வரிசை, நேர்முகமாக நிமிர்ந்த முகப்பு என்பதே கட்டடப் படத்தின் இலக்கணமாக நிலைத்துவிட்டது. கேமரா மாறி ஒன்றரை நூற்றாண்டு ஆனபிறகும் இலக்கணம் மாறவில்லை. புதிய அரசுக் கட்டடம் திறக்கும் நாளில் வெளியாகும் படத்தைப் பாருங்கள்: சீரியல் லைட் போட்ட முகப்பு, கழுவிவிட்ட தரை, போர்டிகோவில் ஈ காக்கை இல்லை. மறுநாள் முதல் அங்கே என்ன நடக்கப் போகிறதோ அதில் ஒரு துளியும் அந்தப் படத்தில் இருக்காது.

முகப்புதான் அர்த்தம் என்ற கொள்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் கட்டினார்கள். ஜெர்மனியின் ஜிஎம்பி நிறுவனம் வடிவமைத்தது. 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அன்று மேலே இருக்க வேண்டிய கும்மட்டம் கட்டி முடியவில்லை. அதனால் திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கொண்டு கும்மட்டம் போலவே ஒரு செட் போட்டு மேலே நிறுத்தினார்கள். மறுநாள் பத்திரிகைகளில் வந்த படத்தில் நிஜக் கட்டடமும் சினிமாக் கும்மட்டமும் ஒட்டிப் பிறந்தவை போல இருந்தன. அந்தச் செட் யாருக்காக? உள்ளே உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அதனால் வெயிலும் குறையாது, மழையும் நிற்காது. அது கேமராவுக்காக மட்டுமே எழுந்தது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. படம் இல்லாமல் அதிகாரச் சின்னம் இல்லை என்பதை ஆட்சியாளர்கள் எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். 2011இல் ஆட்சி மாறியது. சட்டமன்றம் புனித ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. 2014 பிப்ரவரியில் ஓமந்தூரார் தோட்டத்துக் கட்டடம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையானது. இன்று அண்ணா சாலையில் அந்த வாசலில் இறங்குகிறவர் கையில் ஸ்கேன் கவரும் சாப்பாட்டுத் தூக்கும் இருக்கின்றன. அதிகாரத்தின் உச்சிக்காக வரைந்த அதே சுவர்கள் பல மாவட்டத்து மக்களுக்கு ‘அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த இடம்’ ஆகிவிட்டன. வடிவமைத்தவர் வரைபடத்தில் அந்த அர்த்தம் எங்கேயும் இல்லை. புழங்கிய கால்களே அதைக் கொண்டுவந்தன.

இனி கள்ளக்குறிச்சிக்கு வருவோம். இந்த ஊர் நெடுங்காலம் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது, கலெக்டர் கடலூரில். நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் மஞ்சக்குப்பத்தில் இறங்க வேண்டும். 1993 செப்டம்பரில் விழுப்புரம் மாவட்டம் பிறந்ததும் தூரம் எண்பது கிலோமீட்டர் அளவாகக் குறைந்தது. பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2019 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்து, அதே ஆண்டு நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கியது. மாவட்டம் வந்துவிட்டதே ஒழிய அதற்கென்று ஒரு கலெக்டர் ஆபீஸ் வரவில்லை. தற்காலிக இடத்தில்தான் ஆட்சி நடந்தது. வீரசோழபுரத்தில் கோயில் நிலத்தில் கட்டலாம் என்ற முடிவு உயர் நீதிமன்றம் வரை போய், கட்டுமானம் இழுபறியானது. ஆக, ஆண்டுக்கணக்கில் இந்த மாவட்டத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஓர் அடையாளக் கட்டடமே இல்லை. அர்த்தம் கல்லில்தான் இருக்கிறது என்றால் அந்த ஆண்டுகளில் இங்கே அரசு முகமற்று இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. முதல் சில வாரங்களிலேயே திங்கட்கிழமைக் கூட்டம் கூடியது. மனு எழுதித் தருபவர்கள் வெளியே இடம் பிடித்தார்கள். செவ்வாய்க்கிழமைப் படங்கள் வரத் தொடங்கின. பின்னால் இருந்த சுவர் எந்தச் சிறப்பும் இல்லாத சுவர். அதன்மேல் ஒரு பெயர்ப்பலகை ஏறியதும், அதற்கு முன்னால் ஜனங்கள் தாளோடு வந்து நின்றதும், கலெக்டர் ஆபீஸ் உண்டாகிவிட்டது. வெறும் பலகைதானே என்று தோன்றலாம். கடலூருக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறிய தலைமுறைக்கு அந்தப் பலகையில் தங்கள் ஊர்ப் பெயர் இருப்பது என்னவென்று தெரியும்.

அப்படியானால் அந்தப் படம் எதற்கு? மனு கொடுத்தால் எண் போட்டு ஒப்புகைச் சீட்டு தருகிறார்களே, போதாதா? போதாது. ஒப்புகைச் சீட்டு ஒரு தாள் ஒரு மேசைக்கு வந்து சேர்ந்ததை மட்டும் சொல்லும். எத்தனை பேர் வந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தார்களா, எத்தனையாவது முறை வந்தார்கள் என்பதெல்லாம் அதில் ஏறாது. படத்தில் ஏறும். ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற பதிலோடு மனு எங்கோ ஒரு கோப்பில் ஒதுங்கிவிட்டாலும், இன்ன தேதியில் இத்தனை பேர் இந்த வாசலில் நின்றோம் என்பதை யாராலும் இல்லையென்று சொல்ல முடியாது. ஊர்க்காரர்கள் இதை நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். நிருபர் வராத நாளிலும் தங்கள் போனிலேயே ஒருவர் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். பலகை தெரிகிற மாதிரி நில்லுங்கள் என்று எடுப்பவர் சொல்வதும், தாளைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள் என்பதும் அழகுக்காக அல்ல. கட்டடம் அங்கே சாட்சிக் கையெழுத்துப் போடுகிறது. அது கையெழுத்துப் போட்டதென்று தெரிய வேண்டுமானால் பெயர் தெரிந்தாக வேண்டும்.

இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததில் அரசுக்கும் பங்கு உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் வேலை நடக்கும் இடத்தில் நாளுக்கு இரண்டு முறை ஆட்களைப் படமெடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். படம் இல்லையென்றால் வருகை இல்லை. வருகை இல்லையென்றால் கூலி இல்லை. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இடக்குறியோடு படம் போனால்தான் அடுத்த தவணை வரும். குடிமகன் சொல்லும் வார்த்தையை நம்பாமல் படம் காட்டு என்று அரசு கேட்கிறது. சிக்னல் கிடைக்காத மலைச்சரிவில் நூறு நாள் வேலையை மேற்பார்க்கும் மேட் ஒருவர் போனைத் தூக்கிப்பிடித்து அலைவதும் இதற்காகத்தான். அரசு தன் வாக்கைக் காப்பாற்றியதா என்று பார்க்கக் குடிமகனும் அதே கருவியை எடுக்கும்போது மட்டும் அதை விளம்பர மோகம் என்பது நியாயமாக இல்லை.

விளம்பரம் என்ற குற்றச்சாட்டை அப்படி ஒரே வரியில் தள்ளிவிடவும் முடியாது. மனு கொடுக்கும் படங்களில் ஒரு பங்கு நாடகம்தான். கட்சித் துண்டோடு நாலு பேர் ஒரு பொதுப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு வந்து, படம் எடுத்து முடிந்ததும் தாளை யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவதும் நடக்கிறது. தலையில் முக்காடு, கையில் காலிக் குடம், கழுத்தில் வெங்காய மாலை என்று வேஷம் கட்டி வருவதும் உண்டு. அதை நிருபர் விரும்புவதும் உண்டு. ஆனால் இந்த வேஷங்கள் எதைக் காட்டுகின்றன என்று யோசிக்க வேண்டும். சாதாரணமாக நின்றால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற கணக்கில்தான் குடத்தைத் தூக்குகிறார்கள். குடத்தைத் தூக்குகிற இடமாக வேறு எதையும் தேர்ந்தெடுக்காமல் இந்த வாசலையே தேர்ந்தெடுக்கிறார்கள். நடிப்பென்றே வைத்துக்கொண்டாலும், கேட்க வேண்டிய இடம் இது, பதில் சொல்லக் கடமைப்பட்டவர் உள்ளே இருக்கிறார் என்ற நம்பிக்கை இல்லாமல் அந்த நடிப்பு எடுபடாது. அந்த நம்பிக்கை முழுக்கப் போய்விட்டால் படம் எப்படி மாறும் என்பதை 2022 ஜூலை 9 அன்று கொழும்பில் பார்த்தோம். குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் புகுந்த ஜனங்கள் நீச்சல் குளத்தில் குதித்தார்கள், படுக்கையில் உருண்டார்கள், எல்லாவற்றையும் செல்ஃபி எடுத்தார்கள். யார் கையிலும் மனு இல்லை. கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை என்ற பிறகு எடுத்த படங்கள் அவை. மடித்த தாளோடு போர்டிகோவுக்கு வெளியே நிற்கிற கூட்டம் அதற்கு எவ்வளவோ முந்திய கட்டத்தில் இருக்கிறது. அது இன்னும் அரசை நம்புகிற கூட்டம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீயிட்டுக்கொண்டது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே பலமுறை மனு கொடுத்தவர்கள். எரியும்போது எடுத்த படங்கள் சில மணி நேரத்தில் போன்போனாகப் பரவின. அதைப் பார்த்தவர்களில் பலர், எடுத்தவர்கள் ஏன் ஓடிப்போய் அணைக்கவில்லை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சாட்சியாக நிற்பது என்ற பெயரில் எதையும் படமெடுத்துவிடலாம் என்று நான் வாதாடவில்லை. மனு தூக்கி நிற்பவர் தன்னைப் படமெடுக்கச் சொல்லித்தான் நிற்கிறார். எரிகிற குழந்தை சொல்லவில்லை. இந்தக் கோட்டைத் தாண்டிய படங்களை வெளியிட்டதற்குச் சமாதானம் எதுவும் கிடையாது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நடந்ததையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாடெங்கும் கலெக்டர் அலுவலக வாசல்களில் திங்கட்கிழமை போலீஸ் நின்று மனுதாரர்களின் பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் திறந்து முகர்ந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மண்ணெண்ணெய் கேன் உள்ளே வரக் கூடாது என்பதில் வந்த அக்கறை, பலமுறை வந்த மனு ஏன் தீரவில்லை என்பதிலும் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சோதனை வரிசையும் இப்போது கட்டடத்தின் முகத்தில் ஒரு பகுதி. திறப்பு விழாப் படத்தில் இல்லாத பகுதி.

படமெடுக்கவே கூடாது என்று வாசலில் தடுக்கப்படுகிறவர்களும் உண்டு. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு கட்டடத்தைப் படமெடுப்பதையும் அந்தப் படத்தை வெளியிடுவதையும் பதிப்புரிமை மீறலாகக் கருதக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அலுவலகக் காவலர் அடிக்கடி மிரட்டக் கையில் எடுப்பது 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம். அது ராணுவ இடங்கள் போன்ற ‘தடை செய்யப்பட்ட இடங்கள்’ பற்றியது. அந்த வரையறைக்குள் காவல் நிலையமே வராது, அங்கே வீடியோ எடுத்தது அந்தச் சட்டப்படி குற்றமாகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022இல் தீர்ப்பளித்தது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அரசு ஊழியர்கள் வேலை நேரத்தில் சொந்த உபயோகத்துக்குக் கைப்பேசி பயன்படுத்துவதையும் அலுவலகத்துக்குள் வீடியோ எடுப்பதையும் கண்டித்து, விதிமுறை வகுக்கும்படி அரசுக்குச் சொன்னது. அந்த வழக்கு ஊழியர்களைப் பற்றியது. இருந்தாலும் அதன் பின்னால் உள்ள கவலை மனுதாரருக்கும் பொருந்தும்: உள்ளே மேசையில் விரிந்து கிடப்பது இன்னொருவரின் சாதிச் சான்றாகவோ, கணவன்மேல் கொடுத்த புகாராகவோ இருக்கலாம். வாசலும் போர்டிகோவும் ஒன்று. அடுத்தவர் கோப்பு கிடக்கும் மேசை வேறொன்று. இந்த வேறுபாட்டை எழுதி வாசலில் ஒட்டிவிட்டால் பாதித் தகராறு தீரும். எங்கேயும் ஒட்டியதாகக் காணோம். ‘கைப்பேசிக்கு அனுமதி இல்லை’ என்ற மொட்டைப் பலகையே எல்லா இடத்திலும் தொங்குகிறது.

இ-சேவை மையம் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது, முதல்வர் உதவி மையத்துக்குப் போனிலேயே புகார் சொல்லலாம், இனி கட்டடம் எதற்கு, அதன் படம் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வருமானச் சான்றுக்கும் வாரிசுச் சான்றுக்கும் அது சரி. அவை ஒருவர் கேட்டு ஒருவர் வாங்குவது. ஓர் ஊரே கேட்க வேண்டியது எதுவும் அந்தக் கட்டங்களுக்குள் அடங்காது. சுடுகாட்டுப் பாதையை அடைத்தவர் அதே ஊரின் பெரிய மனிதராக இருந்தால், மையத்தில் உட்கார்ந்து தனியாளாகத் தட்டச்சு செய்கிறவருக்குப் பயம்தான் மிஞ்சும். நாற்பது பேராக வேன் பிடித்துக் கலெக்டர் ஆபீஸ் போய் நிற்பதில்தான் தைரியம். இணையம் வந்தும் திங்கட்கிழமைக் கூட்டம் கரையாமல் இருப்பதற்கு ஜனங்களின் அறியாமையைக் காரணம் சொல்வது மேட்டிமைத்தனம்.

என் வாதத்துக்கே உள்ள பெரிய சோதனை 2024 ஜூன். கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தெருக்களிலிருந்து காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரம். மாவட்டம் வந்து நாலரை ஆண்டு ஆகியிருந்தது. கலெக்டர் அதே ஊரில். கட்டடம் பக்கத்தில் வந்தால் அரசு பக்கத்தில் வந்துவிடும் என்றால் இது நடந்திருக்கக் கூடாது. கலெக்டரை மாற்றினார்கள், எஸ்.பி.யைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், வழக்கு கடைசியில் சி.பி.ஐ.க்குப் போனது. அந்த வாரம் கள்ளக்குறிச்சி என்று நாடு பார்த்த படங்களில் ஓர் அரசுக் கட்டடம் மட்டுமே அடிக்கடி வந்தது: மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாசல். மற்றவை வரிசையாகப் பந்தல் போட்ட வீடுகள், ஒரே இடத்தில் அடுக்கிய சிதைகள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. கட்டடம் அருகில் இருப்பது தன்னால் எதையும் காப்பாற்றாது. பக்கத்துத் தெருவில் சாராயம் விற்கிறது என்று அங்கே போய் நின்று சொல்லக்கூடியவர்கள் யார், சொல்லத் துணியாதவர்கள் யார் என்பதைத்தான் படங்கள் காட்டுகின்றன. சாராயத்தால் கணவனை இழக்கப் போகிற பெண், விற்கிறவன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறவள். அவள் மனுவோடு நின்று முகம் காட்டி எடுத்த படத்தை முதலில் பார்ப்பவன் அவன்தான். முகம் காட்டி நிற்க முடியாதவர்களின் மனுவுக்கும் ஒரு வழி இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைப் படம் அந்த வேலையைச் செய்யாது, செய்யவும் முடியாது. அதன் எல்லை அங்கே முடிகிறது.

மலைக்குப் போனால் கதையே வேறு. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் இந்த மலை பிரிந்திருந்தது. நாடு விடுதலையாகி, ஜமீன்கள் ஒழிந்து, மாநிலம் மொழிவாரியாகப் பிரிந்து, தமிழ்நாடு என்று பெயர் மாறிய பிறகும் ஜாகீர்தார் ஆட்சி தொடர்ந்தது. நீதிமன்றப் படியேறி இழுத்த இழுப்பில் 1976இல்தான் மலை முழுமையாக அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது. கீழே கடலூர் கலெக்டரின் போர்டிகோவில் மூன்று தலைமுறை மனுதாரர்கள் நின்று முடித்திருந்தபோது, மேலே மனு கொடுக்க ஓர் ஆபீஸே கிடையாது. பிறகு வந்த அரசும் மலைக்காரர் கண்ணுக்கு எந்த உருவத்தில் வந்தது என்று பாருங்கள்: வனத்துறைச் சோதனைச் சாவடி, காவல் நிலையம். கேட்கிற இடமாக வராமல் தடுக்கிற இடமாக வந்தது. வெள்ளிமலையைத் தலைமையிடமாக வைத்துக் கல்வராயன்மலை தாலுகா அமைந்ததெல்லாம் தனி மாவட்டம் உருவானதை ஒட்டித்தான். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலையேறிப் போகும் அந்த வழியில், அரசை நோக்கி ஒரு தாளை நீட்டுவதற்கென்று ஒரு வாசல் வந்து சில ஆண்டுகளே ஆகின்றன.

இதன் விளைவு படங்களில் அப்படியே பதிந்திருக்கிறது. கல்வராயன் மலை என்று தேடிப்பாருங்கள். ஒரு வகை, மேகம் அருவி, பெரியார் அருவி, பனி மூடிய வளைவுகள். சுற்றுலா வந்தவர்கள் எடுத்தவை. இன்னொரு வகை, போலீசார் எடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தவை: ஓடைக்கரையில் புதைத்த பேரல்கள், கீழே கொட்டும் சாராய ஊறல், சுற்றி நிற்கும் காக்கிச் சட்டைகள். கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது வெளியிலிருந்து கொண்டுவந்த மெத்தனால். ஆனால் அதற்குப் பிறகு மலையில் ரெய்டு படங்கள்தான் பெருகின. கீழே உள்ளவர் அரசோடு ஒரே படத்தில் தோன்றினால் கேட்பவராகத் தோன்றுகிறார். மலைக்காரர் தோன்றினால் பிடிபட்டவராகத் தோன்றுகிறார். இரண்டு வகைப் படங்களையும் ஐம்பது ஆண்டு அடுக்கினால், ஒரு மக்களைப் பற்றி மற்றவர்கள் மனதில் எப்படிப்பட்ட எண்ணம் உறைந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2024இல் சாராயச் சாவுகளை அடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது; சாலை, மருத்துவம், பள்ளி, ரேஷன் என்று ஒவ்வொன்றாக அரசிடம் கேட்டது. ஒரு மலையின் மனுவை நீதிபதிகளே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த மனுவை ஏந்தி நிற்கிற மலைக்காரரின் படம் அதுவரை யார் கண்ணிலும் பெரிதாகப் பட்டதில்லை.

ஆகவே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் அடையாளப் படம் எது என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டால், எத்தனை மாடி எழுந்தாலும் கலெக்டர் அலுவலக முகப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டுதோறும் கோடையை ஒட்டித் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது. ஊர்க் கணக்குகளை மேசையில் விரித்து, கிராமம் கிராமமாக அழைத்து, மனு வாங்குவார்கள். கீழே உள்ள தாலுகாக்களின் ஜமாபந்திக்கு நிருபர்கள் போகிறார்கள். அதிகாரி மனு வாங்கும் படம் வருகிறது. அடுத்த முறை ஒருவர் வெள்ளிமலைக்குப் போகட்டும். அதிகாரியின் தோளுக்குப் பின்னால் நின்று எடுக்காமல், வரிசையில் நிற்பவர்கள் பக்கம் போய், பலகை தெரிகிற மாதிரி, வன உரிமைப் பட்டாவோ பழங்குடிச் சான்றோ கேட்டு வந்தவர்கள் தாங்களே விரும்பி நிற்கிற மாதிரி எடுக்கட்டும். பெயரையும் ஊரையும் அவர்கள் சம்மதத்தோடு கீழே போட்டு, எடுத்த படத்தை அவர்கள் போனுக்கும் அனுப்பிவிட்டு இறங்கட்டும். அருவியும் ஊறலும் தவிர மூன்றாவதாக ஒரு வகைப் படம் அந்த மலையின் கணக்கில் அப்போது ஏறும்.